அண்ணையின் இலையில் வைத்த மாட்டு விலா

என் அண்ணையின் எட்டுச் செலவுப் படையலில் மாட்டிறைச்சி வைத்தவள் நான்தான். இறைச்சிக்கடைக்காரன் மாறித் தந்துவிட்டான் என்றும், கவலையில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அப்படி ஒன்றுமில்லை. தெரிந்துதான் வைத்தேன்.

எட்டுச் செலவு என்பது எங்கள் பக்கத்தில் செத்தவருக்கு எட்டாம் நாள் வைக்கிற படையல். பிறகு முப்பத்தோராம் நாள் வருகிற அந்தியேட்டி, வருஷத் திவசம் எல்லாம் சைவம். எட்டு மட்டும் மச்சம், மீனும் இறைச்சியும். உயிரோடு இருந்த காலத்தில் அவர் எதையெல்லாம் ஆசைப்பட்டுச் சாப்பிட்டாரோ அதையெல்லாம் சமைத்து இலையில் வைத்து, விளக்கேற்றி, தேவாரம் பாடி, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. பிறகு கதவைத் திறந்து எல்லோருமாகப் பகிர்ந்து சாப்பிடுவோம்.

நான் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தேனா என்ற யோசனையில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். தபால்காரன் பழுப்பு உறையோடு படியேறினால் எங்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குப் பிரெஞ்சில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? கணவர் வேலையால் வரும்வரைக்கும் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அநேகமாக அது கரண்ட் பில்லாக இருக்கும். இப்படிப்பட்ட ஒருத்திதான் அந்தப் படையலில் மாட்டை வைத்தாள் என்றால், அதற்கு முதல் நடந்ததையும் சொல்லவேண்டும்.

அண்ணை எங்களுக்கு முன்னமே மொன்ட்ரியாலுக்கு வந்துவிட்டார். அண்ணியும் பிள்ளைகளும் ஊரில். அகதிக் கேஸ் முடிந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடையில் இறைச்சி வாட்டுகிற வேலை அவருக்கு. நான் கணவரோடும் மகளோடும் வந்து சேர்ந்ததும் என்னையும் அங்கேயே சேர்த்துவிட்டார். நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் அக்காடி மெட்ரோ அப்போது புதிது. அங்கே ஏறி, ஸ்நோடனில் மாறி, இரண்டு பேருமாகப் போவோம். அண்ணை இல்லாமல் தனியப் போகிற நாளில், இறங்குகிற இடத்தை விட்டுவிடுவேன் என்று கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு போவேன்.

அந்தக் கடையின் பெயர்போன சாப்பாடு கல்பி. மாட்டு விலாவை எலும்போடு சேர்த்துக் குறுக்காக, மெல்லிய பட்டிகளாக அரிந்து வரும். ஒவ்வொரு பட்டியிலும் சட்டைப் பொத்தான் தைத்தமாதிரி மூன்று எலும்புத் துண்டுகள். முதல்நாள் அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டு நான் பின்னுக்கு நகர்ந்துவிட்டேன்.

"மாடோ அண்ணை?"

"இல்லை, முயல். அங்காலை கையுறை கிடக்கு, எடுத்துப் போடு."

"என்னாலை ஏலாது. பாவம் பிடிக்கும்."

"அது செத்துக் கன நாளாச்சுது. உன்னோட கோவிக்காது. போடு கையுறையை."

போட்டேன். அரியும்போது ஒட்டிய எலும்புத்தூளை ஒவ்வொரு பட்டியாகக் குளிர்தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதும், இரத்தம் போகும்வரை தண்ணீர் மாற்றி ஊறவைப்பதும் என் வேலை. பிறகு பேரிக்காயும் வெங்காயமும் துருவிக் கொடுக்கவேண்டும், உள்ளிப்பூண்டு உரித்து இடிக்கவேண்டும். சோயா சோஸ், சீனி, நல்லெண்ணெய், மிளகுதூள் எல்லாம் முதலாளியம்மா தன் கையால்தான் சேர்ப்பா. அவவுடைய நல்லெண்ணெய் எங்களுடையதைப்போல இல்லை, எள்ளைக் கருக வறுத்து ஆட்டியது. வாசனை தூக்கியடிக்கும். இறைச்சிக்குள் பேரிக்காயும் சீனியும் போடுவதைக் கண்டு இவர்களுக்குச் சமைக்கத் தெரியாதாக்கும் என்று நினைத்தேன். நெருப்பில் போட்டபிறகுதான் விளங்கியது. சீனி உருகி, விளிம்பு கருகி, அந்தப் புகை வந்தால் தெருவில் போகிறவன் நிற்பான்.

மத்தியானச் சனம் கலைந்ததும் முதலாளியம்மாவோடு நாங்கள் மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவோம். எனக்குச் சோறும் முட்டையும் அவர்களுடைய கிம்ச்சி என்கிற கோவா இலை ஊறுகாயும். அண்ணைக்குக் கல்பி. அதுவும் நன்றாகக் கருகிய துண்டாகப் பார்த்து எடுப்பார். கத்தரிக்கோலால் துணி வெட்டுகிறமாதிரி நறுக்கி, சலாது இலையில் சோறும் இறைச்சியும் பச்சைமிளகாயும் வைத்து, வெற்றிலை மடிக்கிறமாதிரி மடித்து ஒரே வாயாகப் போடுவார். கண்ணை மூடிக்கொண்டு சப்புவார். மூக்கு வேர்க்கும். எழுந்து போய் இன்னுமொரு துண்டு வாட்டிக்கொண்டு வருவார். நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. அவர் ஒருநாளும் வற்புறுத்தியதுமில்லை.

ஒளித்துச் சாப்பிட்டவருமில்லை. எங்கள் கட்டிடத்தில் மேல்மாடியில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி இருந்தார். எங்களுக்கு மாமா. ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். இங்கே ஐயர் இல்லாத குறைக்கு அவர்தான் எல்லா வீட்டிலும் கிரியை செய்விப்பார், நாள் பார்ப்பார், தேவாரம் எடுத்துக் கொடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டு விளையாடும்போது அண்ணையைச் சீண்டினார்.

"என்னடாப்பா, வேலையிலை மாடெல்லாம் வாட்டுறியாம்?"

"வாட்டுறது மட்டுமோ மாமா, திண்டும் பாக்கிறன். வலு திறம். உங்களுக்கும் ஒரு பார்சல் கொண்டரட்டோ?"

மாமா காது கேட்காதவர்போலத் துரும்பை இறக்கினார்.

பனி கரையத் தொடங்கிய காலத்தில் அண்ணை செத்துப்போனார். நெஞ்சு நோகுது என்று வேலையில் குந்தினவர், ஆஸ்பத்திரியில் கண் திறக்கவேயில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஊரில் ஒரு கடைக்கு டெலிபோன் எடுத்து, அவர்கள் ஆள் அனுப்பி, அண்ணிக்குச் சொல்லி முடிவதற்குள் இங்கே எரித்தும் ஆகிவிட்டது. அவருக்கு இந்த நாட்டில் கூடப்பிறந்ததென்று நான் ஒருத்திதான்.

எட்டுச் செலவு பற்றிக் கதைக்க மாமா கீழே இறங்கி வந்தார். எட்டாம் நாள் வேலை நாளில் வருகிறது, சனம் வராது, ஞாயிற்றுக்கிழமை வைப்போம் என்றார். நல்லது என்றோம். நண்டுக் கறி, விளைமீன் பொரியல், இறால், முட்டை, குழல்புட்டு என்று அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டினேன். சாராயத்துக்குப் பதிலாக ஒரு போத்தல் விஸ்கியும் வாங்கச் சொன்னார். அதற்கும் தலையாட்டினேன்.

"கல்பியும் வைக்கவேணும் மாமா," என்றேன்.

"அதென்ன சாமான்?"

"மாட்டு விலா. அண்ணை கடையிலை சாப்பிடுறது."

என் கணவர் இருமினார். அவருக்குச் சண்டை வரப்போகிறது என்று தெரிந்தால் இருமல் வரும்.

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிள்ளை, நீ அழுதழுது களைச்சுப்போனாய். போய்க் கொஞ்சம் படு."

"நான் களைக்கேல்லை."

"சைவ ஆக்களின்ர படையலிலை மாடோ? ஆரும் கேட்டால் காறித் துப்புவாங்கள்."

"நண்டு வைக்கச் சொன்னீங்கள்."

"நண்டும் மாடும் ஒண்டோடி?"

"அண்ணைக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது மாமா. திண்டால் உடம்பெல்லாம் தடிக்கும். அதை வைக்கலாம். விஸ்கி வைக்கலாம். அவர் ஒருநாளும் குடிச்சதில்லை. உங்களோட சீட்டுக்கு இருந்தவர்தானே, ஒரு சொட்டு வாயிலை வைச்சிருப்பாரோ? அவருக்கு விருப்பமில்லாததெல்லாம் வைக்கலாம், ஆசைப்பட்டுத் திண்ட ஒண்டை மட்டும் வைக்கேலாதோ?"

"முறை எண்டு ஒண்டு இருக்கு பிள்ளை."

"எட்டாம் நாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தினது எந்த முறை?"

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மாமாவின் முகத்துக்கு நேரே நான் அதுவரைக்கும் தேத்தண்ணிக்குச் சீனி காணுமா என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை.

மாமா குரலைத் தாழ்த்தினார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "உன்ர அண்ணி காதிலை இது விழுந்தால் என்ன நினைப்பாள்? அவன் இஞ்சை வந்து மாடு திண்டு திரிஞ்சான் எண்டு ஊர் முழுக்கக் கதைக்கும். செத்தவன்ர பேரைக் கெடுக்காதை. நீ மாட்டைக் கொண்டந்தால் நான் வரமாட்டன். பேந்து ஆரைக் கொண்டு செய்விக்கிறாய் எண்டு பாப்பம்."

அவர் போனபிறகு கணவர் சொன்னார்: "இஞ்சரும், ஒருக்கா விட்டுக் குடுத்தால் என்ன? உம்மட மனத்துக்குள்ளை வைச்சிரும். அண்ணைக்கு விளங்கும்."

"மனத்துக்குள்ளை வைக்கிறதெண்டால் புட்டையும் மனத்துக்குள்ளை வைப்பமே. என்னத்துக்கு அவிக்கிறது?"

கணவர் மறுபடி இருமினார்.

வாயால் கதைத்துவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம் விடவில்லை. மாட்டை வைத்தால் பாவம் மகளின் தலையில் விடியுமோ? வைக்காவிட்டால் அண்ணை ஆசை தீராமல் அலைவாரோ? மாமா வராவிட்டால் கிரியையே குறையாகிப் போகுமோ? அண்ணி கேள்விப்பட்டால்? பாத்திரம் கழுவும்போதும் மகளுக்குத் தலை வாரி இழுக்கும்போதும் இதே யோசனைதான். ஒரு பயத்தைத் தள்ளினால் அடுத்தது வந்து உட்காரும். கடைசியில் எல்லாப் பயத்துக்கும் நடுவில் ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. மாமா பேரைக் கெடுக்காதே என்றாரே, அண்ணை தன் வாயால் எல்லோருக்கும் முன்னால் சொன்னதை நாங்கள் மூடி மறைத்தால், அந்த இலைக்கு வரப்போவது யார்? நண்டு தின்று விஸ்கி குடிக்கிற வேறொரு ஆள். என் அண்ணை இல்லை. அண்ணிக்கு யாராவது சொன்னால் சொல்லட்டும். நானே முதலில் சொல்வேன் என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். முதலாளியம்மாவுக்கும் எனக்கும் பொதுவான பாஷை அரை இங்கிலிஷ், கால் பிரெஞ்சு, மிச்சம் கை. செத்தவருக்குச் சாப்பாடு வைக்கிற சங்கதியை எப்படி விளங்கப்படுத்துவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். தேவைப்படவில்லை. அண்ணையின் பெயரைச் சொல்லி, சாப்பாடு, மேசை, விளக்கு என்று கையால் காட்டியதுமே அவ தலையாட்டிவிட்டா. தன் மாமியார் சியோலில் இப்போதும் அப்படி வைப்பாவாம். தாங்கள் இங்கே சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரராகிவிட்டதால், செத்தவருக்குச் சாப்பாடு வைக்கக்கூடாது என்று போதகர் சொல்கிறாராம். பிறகு நல்ல கொழுப்புப் பிடித்த பட்டிகளாகத் தெரிந்தெடுத்தா. என்னைத் தொட விடவில்லை. பேரிக்காயையும் தானே துருவினா. இறைச்சியை ஊறப்போட்ட வாளியின் மூடியை அழுத்திக்கொண்டே சொன்னா: நான் என் போதகருக்குச் சொல்லவில்லை, நீயும் உன் போதகருக்குச் சொல்லாதே.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எங்கள் போதகருக்கு ஏற்கனவே சொல்லியாயிற்று என்பதை எந்தப் பாஷையில் சொல்வது?

வாளியை மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் வந்தேன். உள்ளி மணம் தாங்காமல் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து போனாள். மற்ற நாளென்றால் கூச்சத்தில் செத்திருப்பேன். அன்றைக்கு, இடம் கிடைத்தது நல்லது என்று வாளியை அவள் இருந்த இடத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிய எழுந்து குளித்து எல்லாவற்றையும் சமைத்தேன். மாமா சொன்ன நண்டையும் சமைத்தேன், ஒன்றும் குறை வைக்கவில்லை. மாட்டுக்கு மட்டும் வேறு கத்தி, வேறு கரண்டி, வேறு தட்டு. வீட்டு அடுப்பிலும் வாட்டவில்லை. பயம் எனக்குந்தானே. கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவரிடம் கரி அடுப்பை இரவல் வாங்கி, பின்பக்கப் பல்கனியில், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாட்டினேன். கம்பியில் பட்டி விழுந்ததும் சீறியது. சீனி கருகி எழுந்த புகை மூன்று மாடிக்கும் ஏறியது. என் மகள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று, பிள்ளைகள் காப்பகமான கார்டெரியில் படித்த பிரெஞ்சில் நல்ல வாசம் என்றாள். மேல்மாடி யன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது. யாருடையதென்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனால் மாமா வந்தார். மாடு வராது, கடைசியில் இவள் பயந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். அவர் நினைத்தது நியாயந்தான், என்னைத் தெரிந்த எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். அறையில் அண்ணையின் படம், விளக்கு, வாழையிலை. இலையில் எல்லாம் பரிமாறியாகிவிட்டது. போத்தலும் இருந்தது. அண்ணையின் சிநேகிதப் பெடியள் ஏழெட்டுப் பேர் சுவரோரமாக நின்றார்கள். நான் தட்டோடு வாசலுக்கு வந்தேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். "வைக்கத்தான் போறியோ?"

"ஓம்."

"அப்ப நான் போறன்."

"போறதெண்டால் போங்கோ மாமா. தேவாரம் எனக்கும் தெரியும். பிழையாப் பாடினாலும் அண்ணை குறை நினைக்கமாட்டார்."

மாமா விறுவிறென்று அறையை விட்டு வெளியே போனார். நான் குந்தியிருந்து, தையல் கத்தரிக்கோலால் இறைச்சியை நறுக்கி, புட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நன்றாகக் கருகியதை முன்னுக்கு வைத்தேன். கற்பூரத்தைக் கொளுத்தினேன். பெண்பிள்ளை கொளுத்தலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட வாயெடுத்தால் முதல் அடியே மறந்துபோயிற்று.

அப்போது பின்னாலிருந்து யாரோ அந்த அடியை எடுத்துக் கொடுத்தார்கள். மாமாவின் குரல். மேல்மாடிக்கு வெளிப்படியால்தான் ஏறவேண்டும், குளிர்கால பூட்ஸுக்குக் கயிறு கட்டுவது சின்ன வேலை இல்லை. ஒரு காலுக்குக் கட்டி முடித்து மற்றக் காலைத் தூக்கிய நேரத்தில் நான் தடுமாறியிருக்கிறேன். வீட்டு வாசற்கதவடி நடைபாதையில் குந்தியபடியே, அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடினார். நாங்கள் பின்னால் பாடினோம். முழுவதும் பாடி முடித்தோம்.

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் அந்த ஒடுங்கிய நடைபாதையில் நெருக்கியடித்து நின்றோம். ஒற்றைப் பூட்ஸோடு மாமாவும் நின்றார். கதவுக்குக் கீழால் எள்ளெண்ணெயும் உள்ளியும் சேர்ந்த வாசனை வந்துகொண்டிருந்தது. ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்தபோது மாமா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பாத்தியோ? அவன் தொடக்கூட இல்லை."

"நண்டையும்தான் தொடேல்லை மாமா. போத்தலும் மூடினபடிதான் இருக்கு."

பெடியளில் ஒருவன் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். பிறகு மற்றவனும். செத்தவீடு என்ற நினைப்பு வந்து வாயைப் பொத்தினார்கள். மாமாவின் உதடும் ஒரு பக்கமாக இழுபட்டது. சிரிப்பென்று சத்தியம் பண்ணமாட்டேன்.

பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். மாமா மீனும் புட்டும் சாப்பிட்டு, போத்தலைத் தானே திறந்தார். சிலர் கல்பிப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. மூன்று நாலு பேர் எடுத்தார்கள். என் கணவரும் எடுத்தார். எலும்பைச் சப்பி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். நான் சாப்பிடவில்லை. அது எனக்கு வைத்ததில்லையே.

போகும்போது மாமா வாசலில் நின்று, இந்தமுறை இரண்டு பூட்ஸையும் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை பிள்ளை."

திங்கட்கிழமை காலை பார்க் அவெனியூவில் பஸ்ஸுக்கு நின்றபோது, அடுத்த கட்டிடத்து அக்கா கிட்டவந்து, எட்டுக்கு என்னென்ன வைத்தீர்கள் என்று நயமாகக் கேட்டா. புகை அவவுடைய பல்கனிக்கும் போயிருக்கும். பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தேன்.

"நண்டு, மீன், இறால், முட்டை," என்றேன். "மாட்டு விலாவும் வைச்சனான். அண்ணைக்கு அதுதான் உயிர்."

பஸ் வந்தது. நான் ஏறி, யன்னலோரமாக இடம் பார்த்து இருந்தேன்.